காந்தத்தை இரும்போடு எடைக்குப் போடாதீர்கள்

எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கர மோட்டாரைத் திறப்பது லேசான வேலை இல்லை. மூடியின் போல்டுகளைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் ஸ்டேட்டர், அதாவது காயில் சுற்றிய சுழலாத பாகம், வெளியே வராது. சுற்றிலும் ஒட்டியிருக்கும் காந்தங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். புல்லர் போட்டுத் திருகினால்தான் அசைந்து கொடுக்கும். பாதி வந்த நிலையில் கை வழுக்கினால் படாரென்று திரும்ப உள்ளே போய் விழும், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சேலத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், விசைத்தறி மோட்டார், சேகோ ஆலை மோட்டார் என்று எங்கள் பிழைப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார்களை நம்பித்தான் இருக்கிறது. அவற்றுக்குள் காந்தம் கிடையாது. செம்புக் கம்பியில் கரண்ட் ஓடும்போது காயிலே காந்தமாகிவிடும், கரண்ட் நின்றால் அதுவும் போய்விடும். கொஞ்ச வருடங்களாக எலக்ட்ரிக் வண்டிகளின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார்களும் வருகின்றன. மழைத்தண்ணீர் உள்ளே போய்க் காயில் எரிந்திருக்கும், இல்லையென்றால் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று உணரும் ஹால் சென்சார் போயிருக்கும். அப்படி வந்தவற்றைத் திறந்துதான் இந்தக் காந்தங்களோடு எனக்குப் பழக்கம்.

கட்டைவிரல் அகலத்தில், நிக்கல் முலாம் பூசிய பளபளப்பான தகடுகள். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அரிய மண் தனிமங்கள், அதாவது நியோடிமியமும் அதன் இனத்தைச் சேர்ந்த உலோகங்களும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு சின்ன உருவத்தில் இவ்வளவு பலம் அதற்கு முன் எந்தக் காந்தத்துக்கும் இருந்ததில்லை. ஒரு ஸ்கூட்டர் மோட்டாரில் இருந்ததை எல்லாம் பெயர்த்தெடுத்து எடை போட்டேன், அரை கிலோவுக்கும் குறைவு. எலக்ட்ரிக் காரில் 1 முதல் 2 கிலோ இருக்கும். கியர்பெட்டி இல்லாத பெரிய காற்றாலைகளில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ.

பெட்ரோல் வேண்டாம், புகை வேண்டாம் என்று வண்டியை மாற்றிய வாடிக்கையாளர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தத் தகட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இதை எங்கே வெட்டினார்கள், எந்த ஊரில் கழுவினார்கள், மிச்சத்தை எங்கே கொட்டினார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. நான் வளர்ந்த இடம் அப்படி.

நான் வெள்ளக்கல்பட்டி பக்கத்துக்காரன். சேலத்துக்கு வடக்கே, கருப்பூருக்குப் போகும் வழியில், மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய ஊர்கள் எங்களுடையவை. ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கீழே திரும்பிப் பார்த்தால் ஊருக்கு நடுவே வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியுமே, அதுதான். கருத்த பாறைக்குள் வெள்ளைக் கல் நரம்பு நரம்பாக ஓடும். அந்த நரம்புக்காக மொத்தப் பாறையையும் வெடி வைத்துப் பெயர்க்க வேண்டும். அப்பா குழியில் வேலை பார்த்தார். அத்தை மேலே உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டி வெள்ளையைத் தனியாக, கருப்பைத் தனியாகப் பொறுக்கினார். வெள்ளை சூளைக்குப் போகும். சுட்டெடுத்த பிறகு எஃகு உலைகளின் உள்சுவருக்குச் செங்கல்லாகும். எடுத்ததில் பெரும்பங்கு கருப்புதான், அது எங்கள் ஊரைச் சுற்றியே மலையாக நின்றது.

வெடி வைக்கும் நேரத்தில் வீட்டுப் பாத்திரங்கள் கலகலவென்று ஆடும். கொடியில் காயப்போட்ட துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். சாலையோரப் புளியமரத்தின் இலைகள் வெயில் காலம் முழுக்க வெளுத்திருக்கும். அத்தைக்கு இருமல் கடைசி வரை போகவில்லை. எதனால் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கல் லாரியில் ஏறி எங்கெங்கோ போய்விட்டது. குழியும் குவியலும் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கின்றன.

இந்த மாவட்டத்தில் எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்தார்கள். மலைமேல் பள்ளம் மிஞ்சியது, கீழே சிவப்புச் சேறு மிஞ்சியது.

சரி, நியோடிமியத்துக்கு வருகிறேன். இது ஒன்றும் தங்கம்போல அபூர்வமாகக் கிடைப்பது இல்லை. பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் கெட்டியாகச் சேர்ந்திருக்காது, தனியாகவும் இருக்காது. கூடப் பிறந்த மற்ற அரிய மண் தனிமங்களும் ஒரே கல்லில் ஒன்றோடொன்று கலந்திருக்கும். வேதியியலில் அவற்றின் குணம் ஏறக்குறைய ஒன்றே, அதனால் ஒன்றை மட்டும் தனியே இழுப்பது பெரும்பாடு. போதாததற்குப் பெரும்பாலான தாதுக்களில் கதிரியக்கம் உள்ள தோரியமும் சேர்ந்தே வரும். கெடுதல் எல்லாம் இந்தப் பிரிக்கும் வேலையில்தான் தொடங்குகிறது. எங்கள் ஊரில் கல்லைக் கையால் தட்டிப் பிரித்தார்கள், இங்கே அமிலம்தான் பிரிக்கிறது.

உலகத்திலேயே பெரிய அரிய மண் சுரங்கம் சீனாவின் உள் மங்கோலியாவில் உள்ள பாயன் ஓபோ. அங்கே வெட்டும் தாதுவைப் பொடியாக்கி, கந்தக அமிலத்தோடு கலந்து, நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் வறுக்கிறார்கள். அப்போது ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கந்தக டை ஆக்சைடும் புகையாக வரும். வறுத்ததைக் கரைத்து, அந்தக் கரைசலை மண்ணெண்ணெயில் கலந்த வேறொரு ரசாயனத்தோடு கலக்கி, தெளியவிட்டு, மறுபடி கலக்கி, மறுபடி தெளியவிட்டு, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் தாண்டித்தான் நியோடிமியம் தனியாக வருகிறது. ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் அமிலம், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் அம்மோனியா கழிவாக மிஞ்சும். பாவ்தோ நகரத்துக்கு வெளியே இந்தக் கழிவையெல்லாம் தேக்கிய குளம் சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. அங்கிருந்து மஞ்சள் ஆறு சுமார் 10 கிலோமீட்டர் தூரம்தான். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டு, பயிர் விளையாமல், குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்தக் குளத்துச் சேற்றில் தோரியம் இருக்கிறது. அது பாதியாகக் குறைவதற்கே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

மோட்டார் சூடானால் காந்தம் பலம் இழக்கும். அதைத் தடுக்க டிஸ்புரோசியம், டெர்பியம் என்ற வேறு இரண்டு அரிய மண் தனிமங்களைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். இவை வருவது பெரும்பாலும் தெற்குச் சீனாவின் ஜியாங்சி பக்கத்துக் களிமண் மலைகளிலிருந்து. ஒரு டன் மண்ணில் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரைதான் மொத்த அரிய மண்ணும் இருக்கும். முன்பு மலையையே வெட்டிக் கழுவினார்கள். பிறகு மலையை அப்படியே விட்டு, மேலே வரிசையாகத் துளை போட்டு, அமோனியம் சல்பேட் கரைசலை உள்ளே ஊற்றி, அடிவாரத்தில் ஊறி வருவதைத் தொட்டிகளில் பிடித்தார்கள். பார்க்க மரம் நிற்கும், மலை நிற்கும். ஊற்றியதெல்லாம் தொட்டிக்கு வந்து சேராது. மீதி கிணற்றுக்கும் ஓடைக்கும் போகும், மலை உள்ளுக்குள் நனைந்து சரியும். திருமணிமுத்தாற்றைப் பார்த்த சேலத்துக்காரருக்கு, ஒரு ஓடை கெட்டால் அது எத்தனை ஊருக்குக் கெடும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சீனா தன் மண்ணில் கட்டுப்பாடுகளை இறுக்கியதும் அந்த வேலை எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்துக்குப் போனது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே குழிகள் பெருகின. சட்டம் கேட்க ஆளில்லாத இடம், துப்பாக்கி வைத்திருப்பவர் சொன்னதுதான் அனுமதி. காட்டை அழித்து, வெட்டவெளியில் நீல நிறத் தொட்டிகளாக இருப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம். அங்கே பிரிந்த டிஸ்புரோசியம் சீனா வழியாக எங்கெங்கோ சுற்றி, கடைசியில் என் பட்டறைப் பலகைக்கும் வந்திருக்கலாம். இந்த நினைப்பு எனக்குப் பெரிய பாரம்.

பணக்கார நாட்டில் நடந்தால் ஒழுங்காக நடக்கும் என்றும் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தில் 1990களில் கழிவுநீர்க் குழாய் திரும்பத் திரும்ப உடைந்து, கதிரியக்கம் கலந்த தண்ணீர் பாலைவனத்தில் ஓடியது.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அதில் அரிய மண்ணும் தோரியமும் கொண்ட மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். அந்த மணல் இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையுடையது. அன்றைக்கு எல்லோருக்கும் தேவைப்பட்டது தோரியம்தான், கேஸ் விளக்கின் மேண்டிலுக்காக. நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் அது இருந்தது. 1952இல் கேரளத்தின் ஆலுவாவில், பெரியாற்றங்கரையில், மோனசைட்டைப் பிரிக்கும் அரசு ஆலை வந்தது. இந்திய மோனசைட்டில் பாதிக்கு மேல் அரிய மண், 8 முதல் 10 சதவீதம் தோரியம். அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள் என்பதால் தோரியத்தைக் கண்ட இடத்தில் கொட்டாமல் சேமித்து வைக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நல்லது.

என் சகலை குடும்பம் குளச்சலில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது பையில் ஒரு பழைய ஹப் மோட்டார் காந்தம் இருந்தது. கரையில் கருப்பாகப் படிந்திருந்த மணலில் வைத்துப் பார்த்தேன், பொடி பொடியாக ஒட்டிக்கொண்டது. ஒட்டியது இல்மனைட் என்ற கருப்புத் தாது. மோனசைட் அவ்வளவு எளிதில் ஒட்டாது, ஆலையில் பலமான காந்தங்களையும் மின்சாரத்தையும் வைத்துத்தான் பிரிப்பார்கள். சகலையிடம் இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இது காந்தம். எங்களுக்கு இந்த மணல் மேடுதான் கடலுக்கு மறிப்பு" என்றார். 2004 சுனாமியில் குளச்சல் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதைப் பார்த்த மனிதர் சொல்லும் சொல்லுக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன்?

அதே குமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையில் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சு குறையும் என்று சுரங்கத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கட்டும். எடுக்கும் மணலுக்குப் பதில் எதை நிரப்புவீர்கள், குடிதண்ணீர் என்ன ஆகும், அரிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர்களிடம், நாட்டின் பசுமை மின்சாரத்துக்காக விட்டுக்கொடுங்கள் என்று மட்டும் சொல்வது அநியாயம். எங்கள் ஊரிலும் எஃகு நாட்டுக்காக என்றுதான் சொன்னார்கள்.

இது நமக்கு இன்னும் கிட்டத்தில் வரக்கூடும். நம் சேலம் மாவட்டத்திலேயே எடப்பாடி பக்கம் பக்கநாட்டில் இருக்கும் கார்பனடைட் பாறையில் மோனசைட் இருப்பது புவியியலாளர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். அங்கே இன்று அரிய மண்ணுக்கான சுரங்கம் இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டித் தயாரிப்பாளர்கள் காந்தம் கிடைக்காமல் திண்டாடியதைப் பார்த்தோம். அந்த ஆண்டு நவம்பரிலேயே, வருடத்துக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டில் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேவை இப்படி ஏறும்போது இருக்கிற பாறைகளையெல்லாம் திரும்பத் தட்டிப் பார்ப்பார்கள். பக்கநாட்டு மக்கள் இப்போதே கேள்விகளைத் தயார் செய்துகொள்வது நல்லது.

இதைப் படித்துவிட்டு, "அப்போ எலக்ட்ரிக் வண்டியே ஏமாற்று, பெட்ரோலே மேல்" என்று யாராவது முடிவு கட்டினால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், சாம்பல். ஒரு நாள் கரண்டுக்கு எரித்த கரி அன்றோடு போயிற்று, நாளைக்கு வேறு கரி வேண்டும், நாளைக்கும் சாம்பல் விழும். காந்தம் அப்படி இல்லை. ஒரு முறை செய்தால் முலாம் உடையாமல், மிதமிஞ்சிச் சூடாகாமல் பார்த்துக்கொண்டால், பல பத்து வருடங்கள் பலம் குறையாமல் இருக்கும். மோட்டார் செத்தாலும் காந்தம் சாகாது. எரிந்த மோட்டார்களிலிருந்து நான் எடுத்த காந்தங்கள் இன்றும் பட்டறை ஸ்டாண்டில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காயில் கட்டுகிறவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கே எடை குறையவேண்டுமோ அங்கே இந்தக் காந்தம் நியாயம்: ஸ்கூட்டர் சக்கரம், கடலில் உயரத்தில் நிற்கும் காற்றாலை. தரையில் போல்ட் போட்டு நிற்கும் மோட்டாருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. அங்கே இண்டக்‌ஷன் மோட்டார் போதும். அப்பா காலத்தில் வாங்கிய கிணற்று மோட்டாரை மகன் காலத்திலும் காயில் மாற்றிக் கட்டி ஓட்டுகிறார்கள். எரிந்தால் பழைய செம்பை உருவி எடைக்குப் போட்டுப் புதுக் கம்பி சுற்றுகிறோம், ஒன்றும் வீணில்லை. முப்பந்தலில் 1990களில் நிறுத்திய காற்றாலைகளும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரில்தான் ஓடின. நான் திறந்து பார்த்த, கரண்டை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி ஃபேன்களில் பெரும்பாலும் ஃபெரைட் காந்தம்தான் இருந்தது. இரும்பு ஆக்சைடில் செய்வது, விலை மலிவு, பலம் குறைவு என்பதால் கொஞ்சம் பெரிதாகப் போடுகிறார்கள். அதிலேயே 75 வாட் ஃபேன் 30 வாட் பக்கம் இறங்கிவிடுகிறது. கார்களிலும் காந்தமே இல்லாமல், சுழலும் பாகமான ரோட்டரிலும் காயில் சுற்றிய மோட்டார்களை ஐரோப்பாவில் விற்கிறார்கள். தமிழ்நாட்டில் மானியம் கொடுக்கும் பம்புசெட் திட்டங்களில் இதைக் கவனித்து எழுதினால் நல்லது.

அப்புறம் பழைய காந்தம். உலகம் முழுக்க, ஆயுள் முடிந்த பொருள்களிலிருந்து திரும்ப எடுக்கும் அரிய மண் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். எப்படி என்று எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. எங்கள் தெருமுனைக் காயலான் கடைத் தம்பி செம்பு என்றால் ஓடி வருவார். காந்தத்தைக் காட்டினால், "அண்ணா, அது தராசுலயே ஒட்டிக்குதுங்க, இரும்புக் கணக்குல சேர்த்துப் போட்டுருங்க" என்பார். அவர்மேல் குற்றம் இல்லை, அவரிடம் வாங்க ஆள் இல்லை. இரும்போடு சேர்ந்து உருக்காலைக்குப் போனால் நியோடிமியம் கசடோடு கலந்து போய்விடும். யாரோ ஒருவருடைய மலையைக் கரைத்து எடுத்தது சேலத்துக் கசடு மேட்டில் முடிகிறது.

மீட்க வழி இருக்கிறது. காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் தானாகப் பொடிந்து உதிரும், அந்தப் பொடியை அழுத்திச் சுட்டு மறுபடி காந்தம் செய்யலாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதில் நெடுநாளாக வேலை நடக்கிறது. அமிலமும் அம்மோனியாவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் முதலில் காந்தம் தனியாக, சுத்தமாகக் கைக்கு வரவேண்டும். இன்று வரும் ஹப் மோட்டார்களில் காந்தத்தை அப்படி ஒரு பசை போட்டு ஒட்டுகிறார்கள், பெயர்க்கும்போது பாதி உடைகிறது. பேட்டரியைத் தயாரித்தவரே திரும்பப் பெறவேண்டும் என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். மோட்டார் காந்தத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். வண்டி செய்பவர்கள் கழற்றும் வகையில் செய்யவேண்டும், மூடியில் என்ன வகைக் காந்தம் என்று அச்சடிக்கவேண்டும்.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்யலாம். பட்டறையில் இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறேன். எடுத்த காந்தங்களை இடையில் அட்டைத் துண்டு வைத்து அடுக்குகிறேன், ஈரம் படாமல் மூடி வைக்கிறேன். உடைந்ததைத் தனிப் பையில் போடுகிறேன், ஏனென்றால் முலாம் போனால் துருப்பிடித்துப் பொடியாகும். தயவுசெய்து கிரைண்டரில் வைத்துத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களை டிரம் பக்கம் விடாதீர்கள். ஃபெரைட்டைக் கலக்காதீர்கள். கருப்பாக, பீங்கான்போல உடைவது ஃபெரைட், வெள்ளிப் பளபளப்பில் முலாம் பூசியது நியோடிமியம்.

ஒரு பட்டறையின் சில கிலோவுக்காக எந்த மறுசுழற்சிக்காரரும் சேலம் வரமாட்டார். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, ஓமலூர், ஆத்தூர், அந்தப் பக்கம் நாமக்கல், தர்மபுரி என்று எல்லாப் பட்டறைகளும் சேர்த்து வைத்தால் கணிசமான எடை தேறும், விலை பேச ஒரு பிடி கிடைக்கும். சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச நான் தயார். காயில் கட்டும் அண்ணன் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த ஹப் மோட்டாரிலிருந்தே ஒரு டப்பாவைத் தனியாக வையுங்கள்.